கார் மியூசியத்தில் எழுதப்படாத பலகை

பழைய கார்களைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? வன்கொடுமை வழக்குகள், பஞ்சமி நிலம், பாலாற்றில் கலக்கும் கழிவு, ஷூ கம்பெனிப் பெண்களின் சம்பளம் என்று பேச ஆயிரம் இருக்கின்றன. கோயம்புத்தூரில் துடைத்துப் பளபளவென்று நிறுத்தி வைத்திருக்கும் கார்கள் நமக்கு எதற்கு? ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்வந்தோம் என்று சொன்னபோது தோழர்கள் சிலர் இப்படித்தான் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. எங்கள் பதில் இதுதான். வண்டியில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதை இந்த நாட்டில் சாதிதான் தீர்மானித்து வந்திருக்கிறது. அந்த வண்டியின் சீட்டுக்குத் தோலை உரிப்பதும் பதனிடுவதும் யார் வேலை என்பதையும் சாதிதான் தீர்மானித்தது. மோட்டார் மியூசியங்களின் பலகைகளில் இந்த இரண்டும் வழக்கமாக இடம்பெறுவதில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் சேலம், ஈரோடு, திருப்பூர் தாண்டிக் கோயம்புத்தூர். அங்கே அவிநாசி சாலையில் இருக்கிறது ஜி.டி. கார் மியூசியம். 2015ல் திறக்கப்பட்டது. பல நாடுகளின் பழைய கார்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஜி.டி. நாயுடுவின் பெயரைத் தாங்கிய இடம் அது. அவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். 1893ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்து இயந்திரத்தைக் கற்றுக்கொண்டவர். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கி, அதைப் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தவர். கையால் செய்து பார்த்துக் கற்பதுதான் அறிவு என்று நம்பிய மனிதர். அந்த நம்பிக்கையில் எங்களுக்கும் மறுப்பில்லை.

ஆனால் கையால் கற்ற அறிவு எங்கள் கூட்டத்திலும் இருந்தது. முப்பது ஆண்டுகள் டேனரியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஒரு காரின் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னா தோலு இது? பட்டைத் தோலா, குரோமா? வெட்டின ஓரத்த பாத்தா சொல்லிடுவேன்" என்றார். குரோமில் பதனிட்ட தோலின் வெட்டிய ஓரத்தில் ஒரு நீலச் சாம்பல் நிறம் தெரியும். மரப்பட்டையில் பதனிட்டது பழுப்பாக இருக்கும். இது அவருக்குப் புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அக்கா ஒருவர், ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தார். காரின் பலகையில் வழக்கமாக என்ன இருக்கும்? தயாரித்த நிறுவனம், ஆண்டு, நாடு, எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத் திறன். உலகில் எந்தக் கார் மியூசியத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். சீட்டைப் பற்றிப் பேச அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

சீட்டு மட்டும் இல்லை, தோழர்களே. ஆரம்பகால மோட்டார் வண்டி தோலை நம்பித்தான் ஓடியது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்த வேண்டும், வேண்டாதபோது துண்டிக்க வேண்டும். அதற்குக் கிளட்ச். அந்தக் காலக் கார்கள் பலவற்றில் கூம்பு வடிவக் கிளட்ச் இருந்தது. அந்தக் கூம்பின் மேல் பிடிப்புக்காகப் போர்த்தியது தோல். பானட்டை இழுத்துக் கட்டிய வார் தோல். பட்டறைகளில் இயந்திரங்களைச் சுழற்றிய பெல்ட்டும் தோல்.

கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886ல். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியில் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் என்று சொல்லப்படுவது இதுதான். வழியில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. பெர்த்தா என்ன செய்தார் தெரியுமா? ஒரு செருப்புத் தொழிலாளியைத் தேடிப் பிடித்து, அந்தக் கட்டைகளின் மேல் தோலை அடித்துத் தரச் சொன்னார். மோட்டார் உலகின் முதல் பிரேக் லைனிங் அப்படித்தான் பிறந்தது. பெர்த்தாவின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. நிற்கவும் வேண்டும். அந்தத் தோலை அடித்தவர் "ஒரு செருப்புத் தொழிலாளி" என்ற அளவில் கடந்து போகிறார். ஜெர்மனியில் நடந்த கதைதான். ஆனாலும் ஆம்பூர்க்காரர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

நம் பகுதித் தோலுக்கும் உலகத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்தது இல்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகம் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குப் போனது. கிழக்கிந்தியத் தோல் என்பது அதற்கு அங்கே இருந்த பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு அது தேவைப்பட்டபோது, அரசே அதன் கொள்முதலைக் கையில் எடுத்துக்கொண்டது. சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு இறங்கி நின்றவர்களும், தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டியவர்களும், பட்டை இடித்தவர்களும் பெரும்பாலும் நம் மக்கள். தோல் மாலை மரியாதையோடு கப்பல் ஏறியது. தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிரைவர் வைத்து ஓட்டிய அந்தக் காலப் பெரிய கார்கள் பலவற்றில், மழையிலும் வெயிலிலும் உட்காரும் டிரைவருக்குத்தான் தோல் சீட்டு. பின்னால் உட்காரும் முதலாளிக்கு மெத்தென்ற துணி சீட்டு. தோல் அன்று வேலைக்காரனின் இருக்கை. பிறகுதான் அது ஆடம்பரமானது. ஒரு பொருளின் மரியாதை ஏறலாம், இறங்கலாம். அதைச் செய்தவரின் மரியாதை மட்டும் ஏன் ஏறுவதில்லை? சமூகவியல் படிக்கிற தம்பி தங்கைகள் இந்தக் கேள்வியிலிருந்து ஓர் ஆய்வே தொடங்கலாம்.

இனி ஏறுவதைப் பற்றிப் பேசுவோம்.

பென்ஸ் வண்டி வந்து ஏழு ஆண்டுகள் கழித்து, நாயுடு பிறந்த அதே 1893ல், திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்லுவண்டியை வாங்கினார். புலையர்கள் நடக்கவே கூடாது என்று தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் அதில் ஏறிப் போனார். வழிமறித்துத் தாக்கினார்கள். அவர் இறங்கவில்லை. இரண்டு காளை பூட்டிய ஒரு மரவண்டி. குதிரைத் திறன் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த நாட்டின் சாலை வரலாற்றில் அதைவிட வலுவான வண்டி எது?

புரட்சியாளர் அம்பேத்கரின் வாழ்க்கையில் இரண்டு வண்டிகள் உண்டு. முதலாவது 1901ல். அப்பாவைப் பார்க்கக் கோரேகான் புறப்பட்ட சிறுவர்களின் சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில்தான் ஒருவர் சம்மதித்தார். வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். இரண்டாவது 1929ல், சாலிஸ்கானில். அப்போது அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்ற பாரிஸ்டர். தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். அப்போதும் குதிரை வண்டிக்காரர் ஓட்ட மறுத்தார். வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார். பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் குதிரை மிரண்டது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் அவர் அடைந்த உயரம் எவ்வளவு! வண்டிக்காரர் பார்வையில் மாறியது எவ்வளவு? வண்டியைத் தருவேன், உனக்காக நான் ஓட்டமாட்டேன். சாதி எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போடுகிறது பாருங்கள்.

தமிழ்நாட்டில் 1924ல் தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே, பொதுச்சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் எல்லோருக்கும் உரியவை என்று அரசு ஆணையிட்டது. சாலை திறந்தது. சாலையில் ஓடிய பஸ் திறந்ததா? அன்று பஸ்கள் தனியார் கையில் இருந்தன. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களை ஏற்றாத பஸ்கள் ஓடின. மாவட்டக் கழகத் தலைவராக வந்த சுயமரியாதைக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் பறிபோகும் என்று உத்தரவிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. பஸ்ஸை இயந்திர அறிவு ஓட வைத்தது. அதில் நம்மை ஏற வைத்தது அரசியல்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்வார்கள். அந்தக் காலம் எப்போது முடிந்தது என்று கேளுங்கள். 1997ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. கட்டபொம்மன் படையின் தளபதி அவர். ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? அந்த ஒரு பெயரைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக, அந்த ஆண்டு ஜூலையில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. நம் வேலூர் பஸ்களில் இருந்த பட்டுக்கோட்டை அழகிரியின் பெயரும் அப்படிப் போனதுதான். அதே ஆண்டு ஜூன் 30ல்தான் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்ற ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கும்பல் பஸ்ஸை மறித்துத்தான் அதைச் செய்தது.

2025 அக்டோபரில் அதே அவிநாசி சாலையின் மேல் பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டு, அதற்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. தெருக்களிலும் ஊர்களிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லும் அரசாணை வெளிவந்த அதே வாரத்தில். அவரைக் கௌரவிப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஒரு சாதிப் பின்னொட்டு பத்து கிலோமீட்டருக்கு நிம்மதியாகப் படுத்திருக்கிறது. சாதிப் பின்னொட்டே இல்லாத ஒரு தலித்தின் பெயர் மூன்று மாதம்கூட ஒரு பஸ்ஸின் நெற்றியில் நிற்க முடியவில்லை. வருத்தம் அதில்தான்.

தோலும் வண்டியும் ஒரே இடத்தில் சந்தித்த நாளும் உண்டு. 2016 ஜூலை 11, குஜராத்தின் உனா. செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைச் சட்டையைக் கழற்றி, ஒரு காரில் கட்டி வைத்து அடித்தார்கள். அடித்தவர்களே அதைப் படமும் எடுத்தார்கள். மாட்டுத்தோல் சீட்டானால் காருக்கு உள்ளே. தோலை உரித்தவன் காருக்கு வெளியே, கயிற்றில். அந்த மாதமே குஜராத் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். இனி நீங்களே அப்புறப்படுத்துங்கள் என்பதுதான் அதன் பொருள்.

நம்மவர் சொந்தமாக வண்டி வாங்கினால்? 2012 நவம்பர் 7ல், நமக்கு அதிக தூரமில்லாத தருமபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைத் தாக்கியபோது மோட்டார் சைக்கிள்களையும் தேடிக் கொளுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள்.

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று இருக்கிறது. காலணி அணிவதைத் தடுப்பதும் குற்றம். இரண்டும் ஒரே உட்பிரிவில், அடுத்தடுத்த சொற்களாக. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரிலிருந்து அதைப் படித்துப் பாருங்கள். இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் இதை எழுத வேண்டியிருந்தது என்றால், எழுத வேண்டிய அளவுக்கு இது நடந்துகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போனால் அங்கேயும் சாதியா? பிள்ளைகள் சந்தோஷமாகப் பார்த்துவிட்டு வரட்டுமே" என்று சொல்லும் நண்பர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் பார்த்தார்கள். ஒரு சின்னக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஹெட்லைட்டைத் தவளைக் கண் என்றார்கள், போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அழகை ரசிக்கிற உரிமையும் உரிமைதான். அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஹாலில் நிற்கிற எங்கள் பிள்ளை, இவை எல்லாம் யாரோ அறிவாளிகள் செய்தது, நம் தாத்தாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பக்கூடாது. டேனரித் தாத்தா அன்று பட்டைத் தோலுக்கும் குரோமுக்கும் வித்தியாசம் சொன்னபோது, பிள்ளைகள் காரை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். சாதியைப் பேசியதால் அவர்கள் சந்தோஷம் குறையவில்லை. அவர்களுக்குத் தாத்தா பெரிய ஆளாகத் தெரிந்தார்.

ஆகவே தம்பி தங்கைகளிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறோம்.

முதலில், போங்கள். கார் மியூசியமோ அரண்மனையோ கோட்டையோ, குடும்பத்தோடு போங்கள். போகும்போது மூன்று கேள்விகளை எடுத்துப் போங்கள்: இதைச் செய்த கை யாருடையது? இதில் ஏற யாருக்கு அனுமதி இருந்தது? இதன் மேல் யார் பெயர் எழுதியிருக்கிறது?

இரண்டாவது, உங்கள் ஊர் பஸ்ஸைப் பாருங்கள். ஊர்வரை வந்து, காலனிக்கு வராமல் திரும்புகிற பஸ் இருக்கிறதா? வழித்தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். சௌந்தரபாண்டியனின் உத்தரவு அப்படிப்பட்ட ஒரு காகிதம்தான்.

மூன்றாவது, பெரியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எங்கும் பட்டைத் தோல் காலத்தை நினைவில் வைத்திருக்கிற கடைசித் தலைமுறை இது. கையில் இருக்கும் செல்போன் போதும். எந்த வயதில் வேலைக்குப் போனார்கள், கூலி என்ன, குழியில் இறங்கினால் உடம்புக்கு என்ன ஆகும், டீக்கடையில் எந்த டம்ளர், முதல் சைக்கிள் எப்போது வாங்கினார்கள், அதில் எந்தத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று கேளுங்கள்.

நான்காவது, நமக்கு ஒரு கூடம் வேண்டும் என்று கேட்போம். வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தோல் தொழிலாளர் வரலாற்றுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொல்வோம். சதையைச் சுரண்டும் இருகைப்பிடிக் கத்தி, ஒரு கட்டு ஆவாரம்பட்டை, லண்டனுக்குப் போன தோலின் ஒரு துண்டு, ஷூ கம்பெனி அடையாள அட்டை, சங்கத்தின் சந்தா ரசீது, பாலாற்றை டேனரிக் கழிவிலிருந்து காக்க 1996ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் நகல். 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்களே, அவர்களுக்கும் அங்கே ஒரு சுவர் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நம் மக்கள் இறங்கிய குழியில் இன்று அவர்கள் இறங்குகிறார்கள்.

அந்த அறைக்கு ஒரு பழைய காரும் கிடைத்தால் நல்லது. ஓடாத கார் போதும். கதவைத் திறந்து வைப்போம். சீட்டைத் தொடக்கூடாது என்று கயிறு கட்ட வேண்டாம். பலகையில் ஆண்டையும் குதிரைத் திறனையும் எழுதிவிட்டு, அடுத்த வரியில் தோல் பதனிட்டவர்களின் ஊர்ப் பெயர்களை எழுதுவோம்.

ஜெய்பீம்.